முக்காலி பாய் பிடித்த சீர்வரிசை

போடிநாயக்கனூரில் சூரியன் தன் இஷ்டத்துக்கு மறைந்துவிட முடியாது. முக்காலி பாயிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் மறைய வேண்டும். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள டீக்கடையில் போய் நின்று பாருங்கள். "என்னய்யா, இன்னும் பொழுது சாயல?" என்று யாராவது கேட்டால், டீ ஆற்றுகிறவர் தலையைத் தூக்காமலே, "பாய் இன்னும் ரெடியாகல போல" என்பார்.

பாயின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய ஸ்டூடியோவுக்கு மேலே இருந்த மாடி அறையில் வருஷக்கணக்கில் குடியிருந்தவன் நான். இருந்தும் தெரியாது. கேமராவை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டு எப்போதும் அவர் தோளில் தொங்கும். அதனால் முக்காலி பாய். கறிக்கடைக்குப் போனாலும் அது கூடவே போகும். பள்ளிவாசலுக்குப் போனால், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒருநாள் என்னை நிறுத்தி நியாயம் கேட்டார்.

"எனக்கு இருக்கறது ரெண்டு காலு. அவளுக்கு மூணு. நான் எப்பிடித் தம்பி அவகூடப் போட்டி போட முடியும்?"

"மெதுவாப் பேசுங்கக்கா" என்றேன். முக்காலி உள்ளே இருந்தது.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஸ்டூல், நீலத் திரை, தலை வாரிக்கொள்ள ஒரு கண்ணாடி. பாஸ்போர்ட் சைஸ் படமும் விசேஷ வீட்டுப் படமும்தான் பிழைப்பு. அவர் உயிரை வைத்திருந்தது அந்தி வானத்திலும் நட்சத்திரத்திலும். நட்சத்திரம் பிடிக்கும்போது கேமராவின் கண்ணை அரை நிமிடம் திறந்தே வைக்க வேண்டுமாம். அதுவரை எதுவும் ஆடக்கூடாது, அசையக்கூடாது. அந்தப் பழக்கத்தில் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களையும் அவர் நட்சத்திரமாகவே நடத்தினார். "அசையாத. மூச்சு விடாத. கண்ணச் சிமிட்டுன, அடுத்தாப்ல திருப்பி முதல்ல இருந்து!" என்று அதட்டுவார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அடையாள அட்டைகளில் முழி பிதுங்கி நிற்பதற்கு இதுதான் காரணம். வேறு வியாதி ஒன்றும் இல்லை.

போட்டோ பிடிக்கிறவருக்கு வெளிச்சம்தான் சோறு போடும் என்பார்கள். பாய்க்கு உலகத்திலேயே ஒரே எதிரி வெளிச்சம். தெருவிளக்கு, ஜீப்பு விளக்கு, கோயில் சீரியல் செட்டு, எல்லாமே அவர் வானத்தைக் கெடுக்க வந்தவை. எங்கள் வார்டு மெம்பரை மடக்கி, அமாவாசைக்கு அமாவாசை தெருவிளக்கை அமத்தச் சொல்லி மல்லுக்கு நின்றார்.

"வெளக்க அமத்துனா திருடன் வருவான் பாய்."

"வரட்டுமே. அவனும் செத்த நேரம் நட்சத்திரம் பாப்பான்ல?"

வானத்தைப் பற்றி அவர் பேசுவதெல்லாம் சாப்பாட்டு பாஷையில்தான். மேகமே இல்லாமல் சூரியன் சப்பென்று போனால், "இன்னைக்கு வெறும் ரசம்." கொஞ்சம் சிவந்தால், "பரவால்ல, சால்னா." எப்போதாவது வானம் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பற்றிக்கொண்டால் குரலைத் தாழ்த்தி, "பிரியாணி மாப்ளே" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கஷ்டம் என்னவென்றால், போடிக்கு மேற்கே மலை மறித்துக்கொண்டு நிற்கிறது. சூரியன் நல்ல நிறத்துக்கு வருவதற்குள் மலைக்குப் பின்னால் போய்விடும். "தாளிக்கிற வாசம் வருது, எலையில ஒண்ணும் விழல" என்று புலம்பிக்கொண்டு, எஸ்டேட் ஆட்களைக் கூட்டி வர மேலே போகும் காலி ஜீப்பில் தொற்றிப் போடிமெட்டுக்கு ஏறிவிடுவார். திரும்பும்போது அதே ஜீப்பில் நாள் முழுக்க ஏலக்காய் எடுத்துக் களைத்த பெண்களோடு இறங்குவார். கொண்டை ஊசி வளைவு வந்தால் போதும், "நிப்பாட்டு நிப்பாட்டு!" என்று கத்திக்கொண்டு குதித்துவிடுவார்.

"யோவ் பாய், வீட்டுல போய் அடுப்புப் பத்த வைக்கணும்யா. வெரசா ஏறு!"

"ஆத்தா, செத்த மேல பாரு. அங்க பத்த வச்சாச்சு."

கடைசியில் ஜீப்பு டிரைவர்கள் கூடிப் பேசி, பாயை முன் சீட்டில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். நடுவில் உட்கார்த்தி இரண்டு பக்கமும் பலமான ஆட்களாகப் பார்த்து அடைத்தார்கள்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முந்தின சாயங்காலம், தெருப் பெரியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மலை மறைப்பதால் போடியிலிருந்து பிறை கண்ணுக்குப் படுவது சிரமம். நீதான் மேலே போகிறாயே, பெரிய லென்சும் வைத்திருக்கிறாயே, தெரிந்தால் ஒரு போன் போட்டுச் சொல் என்றார்கள். பாய் பெருமையோடு போனார். கீழே தெருவே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. போன் வரவே இல்லை. டி.வி.யில் அறிவிப்பு வந்து, ஊரெல்லாம் பெருநாள் வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகு ஜீப்பு வந்து நின்றது.

"என்ன பாய், பெறை தெரியலையா?"

"நல்லாத் தெரிஞ்சுச்சே."

"பெறகு ஏம்ப்பா சொல்லல?"

"பக்கத்துல மேகம் சரியா அமையல. அதான் சொல்லல."

பெரியவர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நோன்பு வைத்த பொறுமையாக இருக்கலாம்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் ஒன்றில் நடந்தது இன்னும் விசேஷம். இருட்டு கவிந்த நேரம் பாய் முக்காலியை ஊன்றி, கேமராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு செடிகளுக்கு நடுவே குந்தியிருக்கிறார். பச்சைக்காய் திருட வருகிறவர்களும் அப்படித்தான் குந்தியிருப்பார்கள். தோட்டக் காவல்காரர், மலையில் கிடந்து பாதி மலையாளமாகிப் போன நம் ஊர்க்காரர்தான், டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆராடா அது?"

"லைட்ட அமத்துடா!" என்று பாய் அதட்டினார்.

திருடன் காவல்காரனை அதட்டுவதை அந்த மனிதர் அதுவரை கண்டதில்லை. பயந்துபோய் அமத்திவிட்டார்.

"அசையாத. அப்பிடியே நில்லு. மூச்சு விடாத."

அவர் அதையும் செய்தார். கேமரா கிளிக் என்று மூடிய பிறகுதான் அவருக்கு வேலை நினைவுக்கு வந்தது. பாயின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று மேனேஜர் வீட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே சாட்சிக்குக் கேமராவில் விழுந்த படத்தைப் பார்த்தால், கோடி நட்சத்திரத்துக்குக் கீழே காவல்காரர் கம்பீரமாக நிற்கிறார், கையிலிருந்து டார்ச் வெளிச்சம் வளைந்து வளைந்து ஓடுகிறது. "ஞான் தன்னெயா இது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவர் வாட்ஸ்அப்பில் அந்தப் படம்தான். பாய் வந்தால் பால் விடாத கட்டஞ்சாயாவும் உண்டு.

கல்யாண வீடுகளில் மட்டும் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. ஒரு வரவேற்பில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கை கோத்துச் சிரிக்கச் சொல்லிவிட்டு, "இப்ப வந்துர்றேன்" என்று போனவர் போனவர்தான். ஜன்னலில் செவ்வானம் தெரிந்திருக்கிறது. தேடிப் பிடித்தபோது மண்டபத்து மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் இருந்தார். கீழே அந்த இரண்டு பேரும் சிரிப்பு மாறாமல் நின்றுகொண்டிருந்தார்கள். மாமனார்க்காரர் கீழிருந்து கத்தினார்.

"யோவ், பொண்ணு மாப்ள காத்துக்கெடக்காக!"

"அவுக எங்கயும் போயிர மாட்டாக. மேகம் போயிரும்ணே!"

இதெல்லாம் ஊர்க்கதை. இனி என் கதை.

எனக்கு ஒரே தங்கை. செல்வி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, எனக்கு அவள், அவளுக்கு நான். ராசிங்காபுரத்தில் தோட்டம் துரவு உள்ள சம்சாரி வீட்டில் அவளைக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை தங்கமானவர். மாமியாரும் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். "பொறந்த வீடுன்னு ஒரு மாடி ரூமு. ஆளு போனா உக்கார எடம் இல்ல" என்று நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். செல்வியும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு எனக்குப் போன் பண்ணி, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மருமகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் இறங்கினால், அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். மூத்த மருமகளின் படம் தொங்கியது. வரிசையாகத் தாம்பாளம், மாலை போட்ட கிடாய்கள், பின்னால் ஒரு லாரி. அதற்குப் பக்கத்தில் செல்விக்காக அடித்த ஆணி வெறுமனே இருந்தது. வருகிற விருந்தாளிகள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். அடுத்து ஆணியைப் பார்ப்பார்கள். கடைசியில் செல்வியைப் பார்ப்பார்கள்.

செல்வி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். முதல்நாள் சாயங்காலம் சீர் இறக்க வேண்டும். நான் அப்போது ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். பட்டுப்பாவாடை, தோடு, வெள்ளிக் கொலுசு, பித்தளை அண்டா, பழத்தட்டு, கறுப்புக் கிடாய் ஒன்று என்று என் சக்திக்கு மீறியே சேர்த்தேன். முதலாளி தன் பங்குக்குத் திரண்ட பச்சை ஏலக்காயாகப் பொறுக்கி எடுத்துப் பாப்பாவுக்கு ஒரு மாலை கட்டிக் கொடுத்தார். கடை ஆட்கள் அத்தனை பேரும் தட்டுத் தூக்க வருவதாகச் சொன்னார்கள். ஆணிக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பாய் மாடி ஏறி வந்தார்.

"மாப்ளே, நம்ம தங்கச்சி வீட்டு விசேசம். படம் நான்தான்."

எனக்கு மண்டபத்துத் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வந்தது. அவருக்குப் பின்னாலேயே வந்த அக்கா, "தம்பி, யோசிச்சுக்க. எங்க நிக்காவுக்கே இவுகள மாடியில இருந்துதான் எறக்கிக் கூட்டியாந்தாக" என்றார்.

"நீ சும்மா இரு. மாப்ளே, அந்த ஆணி கதையெல்லாம் எனக்குத் தெரியும். நீ போன்ல பொலம்புறது கீழ கேக்கும்ல? அதுல தொங்கப் போறது என் படம். வானத்த நிமிந்தே பாக்க மாட்டேன். இந்தா, கேமராமேல சத்தியம்."

அந்தச் சத்தியத்தை நான் நம்பினேன். பெற்ற பிள்ளை மேல் செய்திருந்தால்கூட நம்பியிருக்க மாட்டேன்.

சீர் ஊர்வலம் கண்மாய்க்கரை வழியாக வந்தது. முன்னால் மேளம், இரண்டு பக்கமும் டியூப்லைட் தூக்கிய ஆட்கள், பின்னால் தள்ளுவண்டியில் ஜெனரேட்டர். மத்தியானம் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. நாங்கள் கரைமேல் பாதி தூரம் வந்தபோது, மலைக்கு மேலே மேகம் விலகி வானம் திறந்தது. நான் வானத்தைப் பார்க்கவில்லை, பாயைத்தான் பார்த்தேன். அவர் முகத்தில் என்னவோ நடந்தது. அடுத்த நிமிடம் முக்காலியோடு கரையிலிருந்து கீழே வயலுக்குள் சறுக்கிப் போய்விட்டார்.

"எல்லாரும் நில்லுங்க! ஜெனரேட்டர அமத்து! டியூப்லைட்டக் கீழ வை! செல்ல எல்லாம் பைக்குள்ள போடுங்க, ஒரு பொட்டு வெளிச்சம் வரக்கூடாது!"

சினிமா எடுக்கிற ஆள் மாதிரி ஒருவர் கீழேயிருந்து கத்தினால் நம் ஜனங்கள் கேட்டுவிடுவார்கள். அத்தனை செல்போனும் பைக்குள் போனது.

"தாம்பாளத்தத் தலைக்கு மேல தூக்குங்க! மேளகாரண்ணே, அடிக்கிற மாதிரிக் கையத் தூக்குங்க, ஆனா அடிக்காதீங்க! மூச்சு விடாதீங்க!"

மூச்சு விடாமல் நின்றோம். உண்மையாகவே அசையாமல் நின்றது கிடாய் ஒன்றுதான். மறுநாள் பந்தியில் தனக்கு என்ன வேலை என்று தெரிந்திருந்தால் அதுவும் நின்றிருக்காது.

திரும்ப இரண்டு தடவை கரையில் முன்னும் பின்னும் நடக்கவிட்டார். எங்களை விட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. அமத்திய ஜெனரேட்டர் மறுபடி கிளம்பவில்லை. ஊரிலும் அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சீர் இருட்டில் கை மாறியது. மாமியார் தடவிப் பார்த்து வாங்கி, "எது எதுன்னு காலையில பாத்துக்கிருவோம், உள்ள வைங்க" என்றார். காலையில் யாருக்கு நேரம்? பாப்பா வீறிட்டு அழ, காது குத்தி, பந்தி போட்டு, கிடாய் போன இடம் தெரியாமல் போனது.

பரவாயில்லை, பாய் எடுத்த படம் இருக்கிறது என்று இருந்தேன்.

பாய் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பழைய வேட்டியில் சுற்றி என்னோடு ராசிங்காபுரத்துக்கு எடுத்து வந்தார். "அங்க வந்து பாரு" என்று எனக்கும் காட்டவில்லை. கூடத்தில் வீடே கூடி நிற்க, வேட்டியை உருவினார்.

வானம் முழுக்க ஆரஞ்சு. கீழே கரை. கரைமேல் வரிசையாகக் கன்னங்கரேலென்று என்னவோ நின்றன.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"இந்தக் குட்டக் கருப்பு யாரு?"

"நான்தான் அத்தே."

"அண்டா எங்க?"

"எனக்குப் பின்னாடி, அந்த உருண்டை."

"அது உங்க மொதலாளி இல்ல?"

"மொதலாளி அதுக்குப் பின்னாடி, அந்தப் பெரிய உருண்டை."

"பாப்பாவுக்கு ஏலக்கா மால கொண்டாந்ததாச் சொன்னாகளே?"

நான் ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினேன். எனக்கே நிச்சயமில்லை. மாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏந் தம்பி, சீர் கொண்டாந்தீகளா, நெழலக் கொண்டாந்தீகளா?"

கூடம் கொல்லென்று சிரித்தது. பாய்க்கு இன்னும் விளங்கவில்லை. "இந்த ஆரஞ்சப் பாருங்கம்மா, இது லேசுல கெடைக்காது. பிரியாணி!" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், அடுப்படி வாசலில் செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. பாய் அதோடு வாயை மூடிக்கொண்டார். படத்தை மறுபடி வேட்டியில் சுற்றினார். ஆணி அப்படியே இருந்தது.

பஸ்சில் அவரோடு நான் பேசவில்லை. போடி நெருங்கும்போது மெல்ல என் தொடையைத் தட்டினார்.

"மாப்ளே, திருப்பி ஒருவாட்டி சீர் எறக்குனா என்ன?"

"கிடாயத் தின்னாச்சு பாய்!"

"கருப்புக் கிடாய்தான? வேற ஒண்ணு நிப்பாட்டுவோம், யாருக்குத் தெரியும்?"

"பாப்பாவுக்குக் காது குத்தியாச்சு!"

"அத விடு, திருப்பியா குத்தப் போறோம்?"

சிரிப்பு வந்தது. ஆனால் கோபம்தான் ஜெயித்தது. சீர் செய்முறை என்பது செய்தால் செய்ததுதான்; படம் விழவில்லை என்று இரண்டாம் தரம் செய்ய முடியுமா? அதற்குப் பிறகு மாடி ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்டூடியோப் பக்கம் திரும்பாமல் போக ஆரம்பித்தேன். அப்படிப் போவது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

தை நெருங்கியது. கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் பொங்கச் சீர் கொண்டுபோக வேண்டும். காதுகுத்திலேயே நான் காலியாகியிருந்தேன். ஒரு பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு. பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பத் தெருவில் இறங்கினால், ஸ்டூடியோ வாசலில் ஜீப்பு நிற்கிறது. மலைக்குக் காய் எடுக்கப் போகும் ஜீப்பு. உள்ளே அக்கா, அக்காவோடு எங்கள் தெருப் பெண்கள், ஜீப்பில் வழக்கமாக வரும் எஸ்டேட் பெண்கள். எல்லார் மடியிலும் தாம்பாளம். கூரைமேல் கரும்பு அடுக்கியிருந்தது. முன் சீட்டில் பாய், மடியில் முக்காலி.

"என்ன பாய் இது?"

அவர் முக்காலியின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார். அக்காதான் சொன்னார். "செல்விக்கு ஒரே அண்ணன்னு உனக்கு யாரு தம்பி சொன்னா? ஏறு. பைக்க நிப்பாட்டிட்டு ஏறு."

நான் ஏறினேன். வழியெல்லாம் மற்றவர்கள் பேசினார்கள். நான் என் பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செல்வியின் வீடு மேற்குப் பார்த்த வீடு. நாங்கள் இறங்கியபோது சாய்ந்த வெயில் வாசலில் நேராக விழுந்திருந்தது. பெண்கள் தாம்பாளத்தோடு வரிசையாக வந்ததைப் பார்த்து மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். மூத்த மருமகளின் லாரிக்கும் இத்தனை ஆள் வந்ததில்லை. செல்வி ஓடிவந்து அக்காவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள்.

பாய் முக்காலியை ஊன்றினார். வீட்டைப் பார்த்து, அதாவது மேற்கு வானத்துக்குக் கேமராவின் முதுகைக் காட்டி ஊன்றினார். நான் திரும்பிப் பார்த்தேன். மலைக்கு மேலே மெல்லிய மேகம் வரிவரியாக வந்து நின்றிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன நடக்கும் என்று அவரோடு பழகிய எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?

"எல்லாரும் வெயிலப் பாத்து நில்லுங்க. மூஞ்சி தெரியணும். ஆத்தா, மஞ்சக் கொத்த மறைக்காத. கரும்பச் சாய்க்காதீங்க. செல்லு வச்சிருக்கவுக எல்லாம் வெளிய எடுங்க, நல்லா எடுத்துக்கங்க!"

செல்போனை எடுக்கச் சொல்லிப் பாய் கெஞ்சியதைக் கேட்டு ஜீப்பு டிரைவர் பயந்துவிட்டார். "பாய்க்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் காதில் கேட்டார்.

மாமியார் செல்வியிடம் கேட்டார். "படம் புடிக்கிறாரே, அன்னைக்கு நெழலு கொண்டாந்தவருல்ல? அவரு யாரு உனக்கு?"

"பெரியண்ணன் அத்தே" என்றாள் செல்வி, யோசிக்காமல்.

மாமியார் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். வரிசையில் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு அந்த நீண்ட வாயைத் திறந்தார்.

"அப்ப அண்ணன்காரரு என்னத்துக்கு வெளிய நிக்கிறாரு? சீர் கொண்டாந்தவுக படத்துல நிக்க வேணாமா? வாங்க தம்பி, வந்து தட்டத் தூக்குங்க!"

பாய் திகைத்துவிட்டார். அவர் படம் எடுத்துத்தான் பழக்கம், நின்று பழக்கமில்லை. கேமராவில் எதையோ திருகி, தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்தார். செல்வி அவர் தலையில் பழத்தட்டை வைத்தாள். அவளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். எல்லாரும் மேற்கைப் பார்த்து நின்றோம். அந்த நேரம் பார்த்து வானம் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பற்றிக்கொண்டது. பாயின் இரண்டு கையும் தாம்பாளத்தில் இருந்தன. கேமரா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கிளிக் என்றது.

"பாய், பிரியாணி" என்றேன், உதடு அசையாமல்.

"தெரியும் மாப்ளே. தட்டு விழுந்துரும், பேசாம நில்லு."

அந்தப் படம்தான் இப்போது ஆணியில் தொங்குகிறது. எல்லார் முகமும் வெயிலில் பளிச்சென்று இருக்கிறது. கரும்பை எண்ணலாம். மாமியார்கூடப் பல் தெரியச் சிரிக்கிறார். அத்தனை பேரும் கேமராவைப் பார்க்க, ஒருவர் மட்டும் தலையில் தட்டோடு கேமராவுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, கண் கலங்கி நிற்கிறார்.

நான் போடியை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ராசிங்காபுரத்துக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு விருந்தாளி அந்த முகத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்பதைக் கேட்கிறேன். "எங்க பெரியண்ணன்" என்பாள் செல்வி. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.